ஒரே ஒரு பந்து, பத்து வருஷ வாழ்க்கை: சின்னப்பம்பட்டி நடராஜனை யார்க்கர் எங்கே கொண்டுபோனது?

புனே, 2021 மார்ச் 28. இந்தியா – இங்கிலாந்து மூன்றாவது ஒருநாள் போட்டி. தொடர் 1-1 என்று சமனில் நிற்கிறது. கொரோனா காலம் என்பதால் மைதானத்தில் ரசிகர்கள் இல்லை. இங்கிலாந்துக்கு வெற்றி இலக்கு 330. கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். தனி ஆளாக ஆட்டத்தை அதுவரை இழுத்துக்கொண்டு வந்த சாம் கரண் இன்னும் களத்தில் இருக்கிறார்.

பந்து நடராஜன் கையில். ஒருநாள் போட்டியில் அவருக்கு அது இரண்டாவது ஆட்டம்தான்.

அந்த ஆறு பந்துகளில் இங்கிலாந்து எடுத்தது ஆறே ரன். நடுவில் ஒரு ரன் அவுட். இந்தியா 7 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது, தொடரும் கையில் வந்தது. 95 ரன்னோடு அவுட் ஆகாமல் நின்ற கரணுக்கு ஆட்டநாயகன் விருது போனது.

அந்த ஓவருக்குப் பிறகு, 2025 வரை, நடராஜன் இந்திய ஜெர்சியில் பந்து வீசவே இல்லை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20. மொத்தம் ஏழு ஆட்டம், 13 விக்கெட். அவருடைய சர்வதேசக் கணக்கு அவ்வளவுதான். ஆனால் மூன்றரை வருஷம் கழித்து, 2024 நவம்பரில், இதே நடராஜனை ஐ.பி.எல். ஏலத்தில் டெல்லி கேபிடல்ஸ் 10.75 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

நாட்டு அணிக்கு ஏழே ஆட்டம் ஆடியவருக்கு இந்த விலை எப்படி? விடை ஒரே சொல்லில் இருக்கிறது: யார்க்கர். அவர் ஏன் இடையிடையே காணாமல் போனார் என்ற கேள்விக்கும் பாதி விடை அதே சொல்லில்தான் இருக்கிறது.

ஸ்பெஷலிஸ்ட் என்றால் யார்?

அணிக்குள் ஒரே ஒரு வேலைக்காக எடுக்கப்படும் ஆட்டக்காரரை ஸ்பெஷலிஸ்ட் என்கிறார்கள். இந்த ஏற்பாட்டைக் கடைசி எல்லை வரை கொண்டுபோன விளையாட்டு அமெரிக்கன் ஃபுட்பால். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம்தான்.

அங்கே என்.எஃப்.எல். லீகில் ஓர் அணிக்கு 53 பேர். அதில் மூன்று இடம் வழக்கமாக ஸ்பெஷலிஸ்ட்களுக்குப் போகும். கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பவர் ஒருவர். எதிரணியைத் தள்ளி நிறுத்த தூரமாக உதைப்பவர் இன்னொருவர். மூன்றாமவர் லாங் ஸ்னாப்பர். இவர் வேலை இன்னும் விசித்திரமானது. குனிந்து நின்று, இரண்டு கால்களுக்கு நடுவே, சுமார் 14 மீட்டர் பின்னால் நிற்பவர் கைக்குப் பந்தை நேராக எறிய வேண்டும். ஓர் ஆட்டத்தில் அவருக்கு இந்த வேலை சில முறைதான் வரும். சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு தடவை தவறினால் மறுநாள் எல்லா டிவியிலும் அவர் முகம்தான்.

ஆனால் இவர்களுடைய வேலைக்கு ஆயுள் அதிகம். டான் முல்பாக் என்ற லாங் ஸ்னாப்பர் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற ஒரே அணிக்கு 2004 முதல் 2020 வரை 17 சீசன், 260 ஆட்டம் ஆடினார். ஆடம் வினட்டியரி உதைத்தே 24 சீசன் ஓட்டினார். கடைசி ஆட்டத்தில் அவருக்கு வயது 46. லீகின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவரும் அவர்தான்: 2,673.

இது எப்படி முடிந்தது? விதி மாறியதால்தான். ஆரம்ப காலத்தில் ஒரே ஆள் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். 1950-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி நிரந்தரமானது. ஒரே வேலை தெரிந்தவருக்கும் அணியில் இடம் கிடைக்கத் தொடங்கியது.

கிரிக்கெட்டில் அந்தச் சலுகை கிடையாது. கடைசி ஓவர் போடுவதற்காக ஒருவரை எடுத்தாலும், அவர் ஃபீல்டிங் செய்தாக வேண்டும், தேவைப்பட்டால் பேட்டிங்கும் பிடித்தாக வேண்டும். நடராஜன் பேட்டிங் வரிசையில் 11-வது ஆள். அவரை எடுத்தால் அந்த அணிக்குப் பேட்டிங்கில் ஓர் இடம் குறைகிறது என்பது எந்த கேப்டனுக்கும் தெரியும். அப்படியும் எடுக்கிறார்கள் என்றால், அவர் போடும் அந்தப் பந்து அத்தனை அரிது.

யார்க்கர் ஏன் இவ்வளவு கஷ்டம்?

பேட்ஸ்மேனின் கால் விரலுக்குப் பக்கத்தில், கிரீஸ் கோட்டை ஒட்டித் தரையில் விழும் பந்துதான் யார்க்கர். பேட்டைத் தூக்கி அடிக்க இடம் இருக்காது. தடுக்கலாம், தப்பினால் ஸ்டம்ப் போகும்.

சொல்வதற்கு எளிது. கணக்கைப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

பிட்ச்சின் நீளம் 20.12 மீட்டர். பந்து கையை விட்டுப் பிரியும் இடத்தில் இருந்து பேட்ஸ்மேனின் கிரீஸ் வரை சுமார் 17.7 மீட்டர். மணிக்கு 135 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து இந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடி போதும். கையில் இருந்து விடுபடும் கோணம் ஒரே ஒரு டிகிரி மாறினால், பந்து தரையில் விழும் இடம் தோராயமாக ஒன்றரை மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும்.

அதாவது விரல் ஒரு கணம் முந்தினால் யார்க்கர் ஃபுல் டாஸ் ஆகிவிடும். ஒரு கணம் பிந்தினால் பேட்டுக்கு வாகாக விழும் பந்து ஆகிவிடும். இரண்டுமே சிக்ஸர் கேட்டு வாங்கும் பந்துகள். நல்ல யார்க்கருக்கும் மோசமான பந்துக்கும் நடுவில் இருப்பது ஓர் அடி, ஒன்றரை அடிதான். இதில் இரவு நேரப் பனியில் பந்து நனைந்து வழுக்கினால் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் பல பந்து வீச்சாளர்கள் யார்க்கரை அவசரத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஓர் ஓவரில் ஒன்று, இரண்டு போடுவார்கள். ஆறும் போடத் துணிகிறவர்கள் மிகக் குறைவு.

டென்னிஸ் பந்து கற்றுக்கொடுத்த பாடம்

சேலம் மாவட்டத்தில், தாரமங்கலம் – எடப்பாடி பக்கம் இருக்கிற ஊர் சின்னப்பம்பட்டி. கொங்கு மண்டலத்தின் கிழக்கு ஓரம். விசைத்தறிச் சத்தம் பழகிப்போன பகுதி. நடராஜன் பிறந்தது 1991-ல். அப்பா நெசவுக் கூலித் தொழிலாளி, அம்மா ரோட்டோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டிருந்தார். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர்.

இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்தான். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்திலும் அறுவடை முடிந்த வயலிலும் மைக் செட் கட்டி, கோப்பையை மேஜையில் வைத்து நடக்கும் அதே டோர்னமென்ட்டுகள்தான்.

டென்னிஸ் பந்தின் எடை சுமார் 58 கிராம். கிரிக்கெட் பந்து அதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு: 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்தை நடுவில் குத்திப் போட்டால் அது மெதுவாக, உயரமாக எழும்பும். அடிக்கிறவருக்கு அது லட்டு. ஸ்விங், சீம் எல்லாம் அதில் பெரிதாக எடுபடாது. சிக்ஸர் போகாமல் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழி, காலடியில் போடுவது. யாரும் சொல்லித்தராமலே அந்தப் பந்து சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

இந்தப் பள்ளியில் படித்தவர் நடராஜன் மட்டும் இல்லை. இலங்கையின் லசித் மலிங்கா காலி மாவட்டத்து ரத்கமவில், கடற்கரையில் மென்பந்து ஆடி வளர்ந்தவர். அகமதாபாத்தில் ஜஸ்பிரித் பும்ரா சிறுவனாக இருந்தபோது, வீட்டுக்குள் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகச் சுவரும் தரையும் சேரும் மூலையைக் குறிபார்த்துப் பந்து போட்டுப் பழகினார். யார்க்கரில் பெயர் எடுத்த மூவரும் அதன் அரிச்சுவடியை அகாடமிக்கு வெளியேதான் படித்திருக்கிறார்கள்.

சின்னப்பம்பட்டியில் இருந்து சென்னைக்குப் போகலாம் என்று நம்ப வைத்தவர் ஊர்க்காரரான ஜெயபிரகாஷ். பின்னாளில் ஐ.பி.எல். ஜெர்சியில் 'ஜே.பி. நட்டு' என்று நடராஜன் போட்டுக்கொண்டது அவருக்கான நன்றிதான். சென்னை லீகில் நான்காவது டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணியில் தொடங்கி, ஜாலி ரோவர்ஸ் வரை ஏறினார். 2015 ஜனவரியில் கொல்கத்தா ஈடன் கார்டனில் வங்காள அணிக்கு எதிராக ரஞ்சி டிராபி அறிமுகம்.

முதல் அடி: இருக்கிற ஒரே கையிருப்பும் கேள்விக்குறி

அறிமுகமான கையோடு பெரிய இடி விழுந்தது. அவர் பந்து வீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற சந்தேகம் எழுந்தது. பந்தை விடும்போது முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டக் கூடாது என்பது கிரிக்கெட் விதி. அதைத் தாண்டுகிறார் என்று புகார் போனது.

பேட்டிங்கும் தெரிந்த ஒருவருக்கு இப்படி நடந்தால், கொஞ்ச காலம் பேட்டை வைத்து ஒப்பேற்றலாம். ஸ்பெஷலிஸ்ட்டுக்கு மாற்று வழி கிடையாது. கையில் இருப்பது ஒரே தொழில், அதுவே செல்லுமா என்று தெரியாத நிலை.

தமிழக முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்ரமணியம் உள்ளிட்ட பயிற்சியாளர்களின் உதவியோடு அவர் தன் வீச்சு முறையை மாற்றி அமைத்தார். வருஷக்கணக்கில் கை பழகிப்போன ஓர் அசைவைக் கலைத்துப் புதிதாகக் கட்டும் வேலை அது. ஒரு டிகிரியில் ஒன்றரை மீட்டர் தவறும் என்ற கணக்கை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கை வரும் பாதை மாறினால் யார்க்கரும் போய்விடும். அதையும் முதலில் இருந்து தேட வேண்டும்.

அவர் தேடிக் கண்டுபிடித்தார். அதற்குச் சாட்சி 2016-ல் தொடங்கிய டி.என்.பி.எல். தொடர். திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக ஆடிய நடராஜன், தூத்துக்குடி அணிக்கு எதிரான ஆட்டத்தின் சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகவே போட்டார். ஐ.பி.எல். அணிகளின் கண்ணில் அந்த ஓவர் பட்டது.

மூன்று கோடி, பிறகு இரண்டு வருஷம் பெஞ்ச்

2017 பிப்ரவரி ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம். கிங்ஸ் லெவன் பஞ்சாப் வாங்கிய விலை 3 கோடி. முப்பது மடங்கு. சின்னப்பம்பட்டி கொண்டாடியது.

ஆனால் அந்த சீசனில் அவருக்குக் கிடைத்தது ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். அடுத்த வருஷம் பஞ்சாப் விட்டுவிட்டது. 2018-ல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை.

ஸ்பெஷலிஸ்ட்டின் விலை ஒரே வருஷத்தில் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? ஆல்ரவுண்டர் ஒருநாள் பந்து வீச்சில் சொதப்பினால், மறுநாள் பேட்டிங்கில் ஈடுகட்டலாம். கடைசி ஓவர் போடுகிறவருக்கு அந்த ஈடு கிடையாது. மற்றவர்கள் போட விரும்பாத 17, 19, 20-வது ஓவர்கள்தான் அவர் பங்குக்கு வரும். நன்றாகப் போட்டாலும் 8, 10 ரன் போகும். ஸ்கோர்கார்டை மட்டும் பார்ப்பவருக்கு அவர் சுமாரான பந்து வீச்சாளராகத்தான் தெரிவார்.

ஆறு மாதத்தில் எல்லாமே

2020 ஐ.பி.எல். கொரோனாவால் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போனது. புவனேஷ்வர் குமார் காயத்தால் பாதியில் விலக, ஹைதராபாத்தின் கடைசி ஓவர்கள் நடராஜனின் பொறுப்பு ஆனது. 16 ஆட்டம், 16 விக்கெட். தொடரிலேயே அதிக யார்க்கர் போட்டவர் என்று பேசப்பட்டார். அபுதாபியில் நவம்பர் 6-ம் தேதி நடந்த எலிமினேட்டரில், அரை சதம் அடித்து நின்ற ஏ.பி. டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த பந்துதான் அதில் உச்சம். உலகத்தில் எந்தப் பந்தையும் எந்தத் திசைக்கும் அடிக்கக்கூடியவர் என்று பெயர் எடுத்தவர் அவர். அந்தப் பந்துக்கு அவரிடம் பதில் இல்லை.

அந்த நாட்களில்தான் அவருக்கு மகள் பிறந்தாள். குழந்தையைப் பார்க்க ஊருக்கு வரவில்லை. முதலில் வலைப்பயிற்சியில் பந்து வீசத் தேர்வானவர், ஆஸ்திரேலியா கிளம்பினார்.

வலைப்பயிற்சி பந்து வீச்சாளர் என்றால் ஆட வாய்ப்பு கிடைக்கும் என்று நம்பிப் போகிற இடம் இல்லை. நாட்டின் பேட்ஸ்மேன்களுக்குப் பயிற்சிக்குப் பந்து போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் அந்தப் பயணத்தில் ஒருவர் பின் ஒருவராகக் காயம் பட்டார்கள். 2020 டிசம்பர் 2-ல் கான்பெராவில் ஒருநாள் அறிமுகம். முதல் விக்கெட் மார்னஸ் லபுஷேன். இரண்டு நாள் கழித்து அதே ஊரில் டி20 அறிமுகம். 30 ரன்னுக்கு 3 விக்கெட். மூன்று ஆட்டங்களில் 6 விக்கெட். டி20 தொடரின் நாயகனான ஹர்திக் பாண்டியா, தன் விருதை நடராஜன் கையில் கொடுத்தார்.

2021 ஜனவரி 15, பிரிஸ்பேன் காபா மைதானம். இந்தியாவின் 300-வது டெஸ்ட் ஆட்டக்காரராகத் தொப்பி வாங்கினார் நடராஜன். அதே நாளில் அறிமுகமான வாஷிங்டன் சுந்தருக்கு எண் 301. ஒரே டெஸ்ட்டில் இரண்டு தமிழர்கள். முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா தோற்ற முதல் டெஸ்ட் அதுதான். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் நடராஜன்.

ஜனவரி கடைசி வாரங்களில் சின்னப்பம்பட்டியில் அவரைச் சாரட் வண்டியில் ஏற்றி ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். வழி நெடுகக் கூட்டம். பிறந்து இரண்டு மாதத்துக்கும் மேலான மகளை அவர் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான்.

கணக்கு கேட்ட முழங்கால்

புனேயில் அந்தக் கடைசி ஓவரைப் போட்ட ஒரு மாதத்தில் அவர் ஆபரேஷன் டேபிளில் இருந்தார். 2021 ஐ.பி.எல்.லில் இரண்டு ஆட்டம் ஆடியதோடு முழங்கால் வலி. ஏப்ரல் இறுதியில் அறுவை சிகிச்சை. செப்டம்பரில் திரும்பி வந்தபோது கொரோனா பாதிப்பு. அந்த ஆண்டு டி20 உலகக் கோப்பை அவர் இல்லாமலே நடந்தது.

அமெரிக்க ஸ்பெஷலிஸ்ட்டுக்கும் நம்ம ஊர் ஸ்பெஷலிஸ்ட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. லாங் ஸ்னாப்பர் ஓர் ஆட்டத்தில் சில முறை குனிந்து பந்தை எறிந்தால் போதும். வேகப்பந்து வீச்சாளர் ஒவ்வொரு பந்துக்கும் ஓடி வந்து, உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தத்தை முன்னங்காலில் வாங்குகிறார். ஆட்டத்தில் 24 பந்து மட்டும் என்றாலும், ஒரு யார்க்கர் சரியாக விழ, பயிற்சியில் ஆயிரக்கணக்கில் போட வேண்டும். அந்தப் பந்துகள் எந்த ஸ்கோர்கார்டிலும் வராது. முழங்கால்தான் கணக்கு வைத்துக்கொள்ளும்.

அவர் இல்லாத மாதங்களில் இடம் காத்திருக்கவில்லை. இடது கை வேகப்பந்து வீச்சாளர், கடைசி ஓவர்களில் யார்க்கர் என்ற அதே தகுதியோடு பஞ்சாபின் அர்ஷ்தீப் சிங் வந்தார். 2022-ல் இந்திய அணியில் அறிமுகமாகி நிலைத்துவிட்டார். ஒரே மாதிரி ஸ்பெஷலிஸ்ட் இரண்டு பேர் ஓர் அணியில் தேவைப்படுவது அபூர்வம்.

விதி மாறியது, வழி திறந்தது

2022 ஏலத்தில் ஹைதராபாத் அவரை 4 கோடிக்குத் திரும்ப வாங்கியது. 11 ஆட்டத்தில் 18 விக்கெட். 2023-ல் 12 ஆட்டத்தில் 10.

அந்த 2023-ல்தான் ஐ.பி.எல். 'இம்பேக்ட் பிளேயர்' விதியைக் கொண்டுவந்தது. ஆட்டத்தின் நடுவே ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கலாம். பேட்டிங் முடிந்ததும் ஒரு பேட்ஸ்மேனை உட்காரவைத்துவிட்டு, பந்து வீச மட்டும் ஒருவரைக் கூப்பிடலாம். 1950-ல் அமெரிக்கன் ஃபுட்பாலில் நடந்த மாற்றத்தின் சின்ன வடிவம் இது. ஆல்ரவுண்டர்களின் மவுசைக் குறைக்கிறது என்று இந்த விதி மீது குறை சொல்பவர்கள் உண்டு. 11-வது ஆளாக இறங்கும் ஸ்பெஷலிஸ்ட்டுக்கோ அது வரப்பிரசாதம்.

2024 சீசன் அதைக் காட்டியது. ஏப்ரல் 20, டெல்லி. ஹைதராபாத் 266 ரன் குவித்த ஆட்டம். இரு அணியும் சேர்ந்து 465 ரன் எடுத்த அந்த இரவில், நடராஜன் நான்கு ஓவரில் கொடுத்தது 19 ரன், எடுத்தது 4 விக்கெட். 19-வது ஓவரில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அந்த சீசனில் 14 ஆட்டம், 19 விக்கெட். அணி இறுதிப்போட்டி வரை போனது. அப்படியும் அந்த ஆண்டு டி20 உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இல்லை.

அந்த 19 விக்கெட்டுக்கான விலைதான் 10.75 கோடி. ஆனால் 2025 சீசனில் டெல்லிக்காக அவர் களமிறங்கியது இரண்டே ஆட்டம். விக்கெட் எதுவும் இல்லை. 2017-ம், 2018-ம் திரும்ப வந்ததுபோல ஆனது.

பத்து வருஷம் தாங்கியது எது?

ஏற்றம் இறக்கம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், 2017 முதல் 2025 வரை ஐ.பி.எல்.லில் 63 ஆட்டம், 67 விக்கெட். ரஞ்சி அறிமுகத்தில் இருந்து கணக்கிட்டால் பத்து வருஷம். இதற்குள் பந்து வீசும் முறை ஒருமுறை கலைக்கப்பட்டது, முழங்கால் ஒருமுறை அறுக்கப்பட்டது, இரண்டு முழு சீசன் பெஞ்சில் போனது. ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வந்தது அதே பந்தோடுதான். கூடவே வேகம் குறைத்துப் போடும் கட்டர்களையும் சேர்த்துக்கொண்டார். அடுத்தது யார்க்கர்தான் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால், பேட்ஸ்மேன் கிரீஸுக்குள் ஆழமாகப் போய் நின்று அதையே அரைக்குழிப் பந்தாக்கிவிடுவார். அந்த ஒன்றைக் காப்பாற்றவே மற்ற பந்துகள் தேவைப்படுகின்றன.

ஒரே திறமையை நம்பிப் பிழைப்பது கொங்கு மண்டலத்துக்குப் புதிது இல்லை. ஃபவுண்டரியில் பேட்டர்ன் செய்கிறவருக்கும், திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு குறிப்பிட்ட மெஷினில் மட்டும் கை தேர்ந்தவருக்கும், ஒரே மென்பொருளில் பத்து வருஷம் போட்ட ஐ.டி. ஊழியருக்கும் இது தெரியும். தேவை இருக்கிற வரை அவர்கள் இல்லாமல் வேலை நடக்காது. ஆர்டர் மாறினாலோ உடம்பு படுத்தாலோ, முதலில் காலியாவதும் அந்த நாற்காலிதான்.

நடராஜன் இதை உணர்ந்துதான் செய்தாரோ என்னவோ, தன் தொழிலைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சின்னப்பம்பட்டியிலேயே சொந்தச் செலவில் ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார். 2023 ஜூன் 23-ல் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்துவைத்தார். அதற்கு முன்பே அதே ஊரில் இருந்து ஜி. பெரியசாமி வந்திருந்தார். 2019 டி.என்.பி.எல்.லில் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸ் அணிக்காக 21 விக்கெட் எடுத்துத் தொடர்நாயகன் ஆனவர். அவருக்கும் கையிருப்பு யார்க்கர்தான்.

டென்னிஸ் பந்தில் இருந்து கிரிக்கெட் பந்துக்கு மாற நடராஜனுக்கு இருபது வயது ஆனது. அதற்கு அவர் சென்னை வரை போக வேண்டியிருந்தது. இன்று சின்னப்பம்பட்டியில் பத்து வயதுப் பையன் வீட்டில் இருந்து நடந்துபோய்ப் புல் பிட்ச்சில் நிற்கலாம். டெல்லி அணி 10.75 கோடிக்கு என்ன பெற்றது என்ற கேள்விக்கு 2025-ன் ஸ்கோர்கார்டில் பதில் இல்லாமல் இருக்கலாம். அந்த ஒரு பந்து ஊருக்கு என்ன கொண்டுவந்தது என்று கேட்டால், சாயங்காலம் அந்த மைதானத்துப் பக்கம் போனால் தெரியும்.